கயிறு பிடிப்போர் கடமை

(படைவீரர் கொடி நாளையொட்டிப் புன்னைக்காயலில் நடைபெற்ற கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

கடல் வேலை முடிந்து களைப்போடு கரை ஏறியவர்கள், வலையைப் பிரித்து உலர்த்தும் வேலையைக்கூட ஒத்தி வைத்துவிட்டு இங்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே உங்கள் நேரத்தை வீணாக்கும் எண்ணம் எனக்கில்லை. பள்ளிப் பிள்ளைகள் உங்கள் சட்டையில் குத்திவிட்ட சிறு கொடியின் பொருள் என்ன என்பதைச் சொல்லி, அதன் பேரில் நாம் செய்ய வேண்டிய காரியங்கள் சிலவற்றையும் எடுத்துக் கூறி அமர்கிறேன்.

1949-ஆம் ஆண்டு முதல் டிசம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் நாடெங்கும் படைவீரர் கொடி நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. இந்நாளில் திரட்டப்படும் நிதி, போரில் உயிர் நீத்தோரின் குடும்பங்களுக்கும், உறுப்பிழந்து திரும்பியோர்க்கும், படைப்பணி முடித்து ஊர் வந்து சேர்ந்தோர்க்கும் பயன்படுகிறது. உண்டியலில் இடும் காசோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா என்பதே இன்று நான் உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்பும் கேள்வி.

முத்துக்குளிப்பும் போர்க்களமும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் இவ்வூரில் நின்றுகொண்டு முத்துக்குளிப்பைப் பற்றி நான் சொல்லப் புகுந்தால், அது கொல்லர் தெருவில் ஊசி விற்கும் கதையாகிவிடும். 1961-ஆம் ஆண்டுக்குப் பிறகு இக்கடலில் சலாபம் நடைபெறவில்லை. ஆயினும் அதன் முறையைத் தந்தையர் வாயிலாகவும் பாட்டனார் வாயிலாகவும் கேட்டறிந்தோர் இங்குப் பலர் இருக்கிறீர்கள். குளிப்பவர் கல்லைப் பற்றிக்கொண்டு ஆழத்தில் இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவருக்கு மூச்சு ஒரு நிமிடமோ, அதற்குச் சற்று மேலோதான் தாங்கும். அவர் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுத்தாக வேண்டும். கயிறு பிடிப்பவர் கண் அயர்ந்தால் குளித்தவர் கரை சேர மாட்டார்.

குளிப்பவர் தம் மனைவியின் உடன்பிறந்தான் கையிலேயே அக்கயிற்றைக் கொடுப்பது வழக்கம் என்று முதியோர் கூறுவர். தன் சகோதரியின் தாலி அக்கயிற்றின் மறுமுனையில் இருக்கிறது என்பதை மறந்து எந்த மைத்துனனும் அயர்ந்திருக்க மாட்டான் அன்றோ? எவ்வளவு ஆழ்ந்த அறிவு! முத்துக்குளிப்பில் புகழ் குளித்தவருக்கு. அவர் உயிரோ கயிறு பிடித்தவர் கையில்.

படைவீரரும் ஆழத்தில் இறங்குபவரே. பனி மலையிலும் பாலைவனத்திலும் நாட்டின் எல்லையில் அவர் நிற்கிறார். அவருடைய கயிற்றின் மறுமுனை அவர் பிறந்த ஊரில் இருக்கிறது. அதை நாம் எப்படிப் பிடித்திருக்கிறோம்? இதை மனத்தில் வைத்துக்கொண்டு, வீரத்திற்காகப் பதக்கம் பெற்ற நம் நாட்டவர் சிலருடைய வாழ்க்கையைக் காண்போம்.

எது வீரம்?

வீரருக்குச் சிறப்புச் செய்வது நமக்குப் புதிதன்று. போரில் பட்ட வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்துள்ள நடுகற்களிற் பல, கவர்ந்து செல்லப்பட்ட ஊர் ஆநிரையை மீட்கப் போராடி இறந்தோர்க்கு எடுக்கப்பட்டவை. அரசனுக்காக நாடு பிடித்தவனைப் போலவே, ஊர் மாட்டைக் காக்கப் போய் மடிந்த எளிய மறவனும் கல்லில் இடம் பெற்றான். பிறர் பொருட்டுத் தன்னை இழந்தவனே வீரன் என்பது நம் முன்னோர் கண்ட இலக்கணம்.

விடுதலை பெற்ற இந்தியா 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் பரம வீர் சக்கரம், மகா வீர் சக்கரம், வீர் சக்கரம் என்னும் மூன்று விருதுகளை ஏற்படுத்தியது. 1947 ஆகஸ்டு 15 முதல் நிகழ்ந்த வீரச் செயல்களுக்கும் அவை பொருந்தும் என்று வகுக்கப்பட்டது. போரல்லாத காலத்தில் காட்டும் வீரத்திற்கு அசோக சக்கரம் முதலிய விருதுகள் 1952-இல் ஏற்பட்டன. பரம வீர் சக்கரம் ஒன்றரை அங்குலம்கூட இல்லாத ஒரு வெண்கல வட்டம். அதில் பொன்னும் இல்லை, மணியும் இல்லை. இந்திரனுடைய வச்சிராயுதத்தின் உருவம் நான்கு அதில் பொறிக்கப்பட்டுள்ளது. உலகைக் காக்கத் தம் முதுகெலும்பையே கொடுத்த ததீசி முனிவரின் எலும்பால் ஆனது அவ்வச்சிரம் என்பது புராணம். கொடுத்தவனுக்கே பெருமை என்னும் கருத்து அச்சிறு வட்டத்துள் அடங்கியிருக்கிறது. இதுவரை 21 பேரே அதைப் பெற்றுள்ளனர்.

கீழ் ஒட்டிவாக்கத்துச் சுபேதார்

முதலில் ஓர் உழவர் நாட்டு மகனைப் பற்றிச் சொல்கிறேன். காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஒட்டிவாக்கம் என்னும் சிற்றூரில் 1912-இல் பிறந்தவர் சுப்பிரமணியன். சென்னை சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையில் சேர்ந்து சுபேதாராக உயர்ந்தார். 1780-இல் தோன்றிய அப்படையைத் ‘தம்பிகள்’ என்றே இராணுவத்தார் அன்போடு அழைப்பர். ஆற்றுக்குப் பாலம் அமைப்பது, படை செல்லச் சாலை போடுவது, குடிநீருக்கு வழி செய்வது, எதிரி புதைத்த கண்ணிவெடிகளைத் தேடி அகற்றுவது ஆகியவை அவர்கள் தொழில். சாலையும் பாலமும் குடிநீரும் நம் ஊராட்சி ஒன்றியத்தின் வேலைகளும் ஆகும். ஆதலால் அப்படையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தனி உறவு தோன்றுவதுண்டு. நாம் வெயிலில் செய்வதை அவர்கள் வெடியின் நடுவே செய்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் 1944-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நேச நாட்டுப் படைகள் இத்தாலியில் காசினோ மலையைக் கைப்பற்றக் கடும் போர் செய்துகொண்டிருந்தன. அதற்குத் தெற்கே மின்யானோ என்னும் இடத்தில் பிப்ரவரி 24-ஆம் நாள் சுபேதார் சுப்பிரமணியனும் உடனிருந்தோரும் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தனர். அப்போது ஒரு வெடி இயங்கத் தொடங்கிவிட்டது. அது வெடிப்பதற்கு இடையே இருந்தது ஒரு சில நொடிப் பொழுதே. ஓடித் தப்பலாம், தரையில் படுத்து உயிர் காத்துக்கொள்ளலாம். அவரோ அவ்வெடியின் மேலேயே தம் உடலைக் கிடத்தினார். சுற்றி நின்றவர்கள் பிழைத்தார்கள். அவர் மாண்டார். வயது முப்பத்திரண்டைத் தாண்டவில்லை.

அவர் நினைவாக ஜார்ஜ் சிலுவை என்னும் விருது அளிக்கப்பட்டது. எதிரியை நேருக்கு நேர் எதிர்த்துப் பொருத வீரத்திற்கு அன்று விக்டோரியா சிலுவை இருந்தது. எதிரி முன்னில்லாத இடத்தில் காட்டப்படும் வீரத்திற்கு அதற்கு ஒப்பான மதிப்புடையதாக 1940-இல் ஏற்பட்டதே ஜார்ஜ் சிலுவை. அந்நாளில் சுப்பிரமணியன் எவரையும் கொல்லவில்லை. உடனிருந்தோரைக் காத்தார். நடுகல் நட்ட நம் முன்னோர் இருந்திருந்தால், மின்யானோவிலிருந்து செய்தி வந்த அன்றே அவருக்கு ஒரு கல்லைத் தேடப் புறப்பட்டிருப்பார்கள்.

கடல் கடந்த ஓர் அன்னிய ஆட்சிக்காக நடந்த போர் அது என்று சிலர் கூறலாம். கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அந்த ஒரு நொடியில் அவர் கண் முன் நின்றது எந்தப் பேரரசும் அன்று. பக்கத்தில் நின்ற தோழர்களே நின்றனர். நடுக்கடலில் தோணி கவிழ்ந்தால், அது யாருடைய தோணி, என்ன கட்சி, என்ன சாமி என்று கேட்டுவிட்டா நீங்கள் குதிக்கிறீர்கள்?

கொரியாவில் ஒரு மருத்துவர்

அடுத்து, துப்பாக்கி ஏந்தாமலே மகா வீர் சக்கரம் பெற்ற ஒருவரைக் காண்போம். ஆர்க்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் இராணுவ மருத்துவர். விமானத்திலிருந்து குடையுடன் குதிக்கப் பயின்ற முதல் இந்தியருள் ஒருவர். 1950-இல் கொரியாவில் போர் மூண்டபோது, போரிடும் படையை அனுப்ப இந்தியா விரும்பவில்லை. காயம் பட்டோரைக் காக்க ஒரு மருத்துவப் படையை மட்டும் அனுப்பியது. அதுதான் 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவு. அதன் தலைவராகச் சென்றவர் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ்.

அவர்கள் சென்று சேர்ந்த சில நாட்களுக்குள்ளேயே ஐக்கிய நாட்டுப் படைகள் பின்வாங்க நேரிட்டது. கடுங்குளிர்; மருத்துவக் கருவிகளை ஏற்றிச் செல்ல வண்டிகள் இல்லை. கருவிகளை விட்டுவிட்டு வரலாம் என்றால், கருவி இல்லாத மருத்துவர் கயிறு இல்லாத தோணிக்காரர் போன்றவர். அப்போது கைவிடப்பட்ட பழைய நீராவி இரயில் எஞ்சின் ஒன்று அவர்கள் கண்ணில் பட்டது. கொதிகலனில் நீர் இல்லை. வீரர்கள் வரிசையாக நின்று, வாளி வாளியாக நீரைக் கைக்குக் கை மாற்றி அதை நிரப்பினார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். பாலம் தகர்க்கப்படுவதற்குள் கருவிகள் அனைத்தோடும் அந்த இரயிலை ஓட்டிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தார்கள்.

அங்ஙனம் காத்து வந்த கருவிகளைக் கொண்டே அவர்கள் பிறகு பல்லாயிரம் பேருக்குச் சிகிச்சை அளித்தனர். படைவீரர் என்றும், ஊர்மக்கள் என்றும் அவர்கள் வேறுபாடு காணவில்லை. 1951 மார்ச்சுத் திங்களில் முன்சான் என்னும் இடத்தில் அமெரிக்கப் பாராசூட் படை குதித்தபோது, ரங்கராஜும் ஒரு சிறு குழுவோடு அவர்களுடனே குதித்து, களத்திலேயே காயம்பட்டோர்க்கு மருத்துவம் செய்தார்.

வாளியில் நீர் மொண்டு கைக்குக் கை மாற்றத் தெரியாதவர் இக்கூட்டத்தில் எவரேனும் உண்டா? வீரம் என்பது எங்கோ மலை உச்சியில் விளையும் அரிய பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. நாள்தோறும் நாம் செய்யும் வேலையையே, கைவிட்டு ஓடத் தோன்றும் நேரத்தில் கைவிடாமல் செய்வது அது.

அண்மைக் காலத்து மூவர்

நம் காலத்துக்கு வருவோம். இராமேசுவரத்தில் 1972-இல் பிறந்து, திருச்சிராப்பள்ளியைச் சொந்த ஊராகக் கொண்டவர் மேஜர் மாரியப்பன் சரவணன். பீகார் ரெஜிமென்டின் முதலாம் படைப்பிரிவில் பணியாற்றினார். 1999-ஆம் ஆண்டு கார்கில் போரில், பட்டாலிக் பகுதியில் 14,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் பகைவர் பதுங்கியிருந்த ஓர் அரணைத் தாக்கச் சென்று, மே 29-ஆம் நாள் வீழ்ந்தார். அவர் உடலை மீட்க முயன்றவர்களும் குண்டுக்கு இலக்காயினர். ஒரு மாதத்துக்கு மேல் அவருடைய உடல் அப்பனியிலேயே கிடந்தது. கடலுக்குப் போனவர் திரும்பாமல், உடலும் கரை ஒதுங்காமல், ஒவ்வொரு நாளும் வாயிற்படியில் அமர்ந்து காத்திருக்கும் குடும்பத்தின் துயரம் இக்கரையில் உள்ள உங்களுக்குத் தெரியும். அத்தகைய ஒரு மாதம் அது. அவருக்கு வீர் சக்கரம் அளிக்கப்பட்டது.

மேஜர் முகுந்த் வரதராஜனை நீங்கள் திரையில் கண்டிருப்பீர்கள். 2024-இல் வெளிவந்த ‘அமரன்’ படத்தால் அவர் பெயர் வீடுதோறும் பரவியது. சென்னைத் தாம்பரத்தைச் சேர்ந்த அவர், 2014 ஏப்ரல் 25-ஆம் நாள் காசுமீரத்தின் சோபியான் மாவட்டத்தில் நடந்த மோதலில் தம் 31-ஆம் வயதில் உயிர் நீத்தார். அவருக்கு அசோக சக்கரம் வழங்கப்பட்டது. அதே மோதலில் அவரோடு இருந்து மடிந்த சிப்பாய் விக்ரம் சிங் சௌரிய சக்கரம் பெற்றார். திரைப்படத்தால் ஒருவர் பெயர் பரவுவது நன்றே. ஆனால் படம் எடுக்கப்படாத வீரர்களே பெரும்பாலோர் என்பதையும் மறத்தலாகாது.

அவ்வாறு ஒருவர், நம் அண்டை மாவட்டமாகிய இராமநாதபுரத்துக் கடுக்கலூரில் பிறந்த ஹவில்தார் பழனி. பீரங்கிப் படையின் 81-ஆவது பிரிவைச் சேர்ந்தவர். 2020 ஜூன் 15-ஆம் நாள் இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு ஏற்பட்ட மோதலில் உயிர் துறந்த 20 இந்திய வீரர்களுள் ஒருவர். எல்லைக் கோட்டருகே துப்பாக்கி பயன்படுத்துவதில்லை என்று இரு நாடுகளும் 1996-இல் உடன்பாடு செய்திருந்தன. ஆகவே கல்லும் தடியும் கொண்டு நிகழ்ந்த மோதல் அது. உறைய வைக்கும் குளிரில், கையோடு கை கலந்து அவர்கள் போராடினார்கள். பழனி அரும்பாடுபட்டுக் கட்டிய வீட்டின் புதுமனை புகுவிழா அதற்குச் சில நாட்களுக்கு முன்தான் நடந்தது. விழாவுக்கு வர அவரால் இயலவில்லை. அவ்வீட்டுக்கு அவர் வந்தபோது மூவர்ணக் கொடி போர்த்தப்பட்டிருந்தது. 2021-இல் அவருக்கு வீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது.

பதக்கம் பெற்றவரின் பெருமையை நாம் இங்குக் கைதட்டிப் பாராட்டுகிறோம். அந்தப் புது வீட்டில் விளக்கேற்றுபவர் யார், அடுப்பு மூட்டுபவர் யார், பிள்ளையின் பள்ளிப் படிவத்தில் தந்தையின் கையெழுத்துக்குரிய இடத்தில் கையெழுத்திடுபவர் யார் என்பதே கொடி நாள் நம்மிடம் கேட்கும் கேள்வி.

என் மேசையில் நின்ற மனு

இக்கேள்விக்கு நானே ஒரு காலத்தில் தவறாக விடையளித்தேன். பிறரைக் குறை கூறுவதற்கு முன் அதைச் சொல்லிவிடுவது முறை.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரத்தில் நான் பணியாற்றியபோது, கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து நடுத்தர வயதுள்ள ஓர் அம்மையார் மனுவோடு வந்தார். அவருடைய கணவர் படையில் பணியாற்றி, வீரச் செயலுக்காகப் பதக்கம் ஒன்றும் பெற்று, ஊர் திரும்பிச் சில காலம் வாழ்ந்து, நோயால் இறந்தவர். குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. காரணம் பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர். படையில் சேர்ந்த அன்று எழுத்தர் எழுதியது வேறு பெயர்; தந்தையின் பெயரே மகன் பெயராக அங்கே பதிவாகியிருந்தது. குடும்ப அட்டையில் ஊரார் அழைக்கும் செல்லப் பெயர். மூவரும் ஒருவரே என்பதை மெய்ப்பிக்க அவரிடம் தாள் இல்லை.

நான் அம்மனுவைப் படித்தேன். ‘உரிய அலுவலகத்தை அணுகவும்’ என்று எழுதித் திருப்பினேன். விதிப்படி அக்குறிப்பில் ஒரு பிழையும் இல்லை. அந்த உரிய அலுவலகம் எது, எந்தத் தெருவில் இருக்கிறது, அங்கு யாரைக் காண வேண்டும், என்ன தாளைக் கொண்டு போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதைக் கேட்டறியவும் இல்லை. சில மாதம் கழித்து மீண்டும் வந்தார். மீண்டும் அதே குறிப்பு.

மூன்றாம் முறை வந்தபோது அவர் மனுவை நீட்டவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, பழந்துணியில் சுற்றிய ஒரு பொருளை என் மேசை மேல் வைத்தார். பதக்கம். அதன் விளிம்பில் அவர் கணவரின் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன.

“ஐயா, தாளிலே அவர் பேரு மாறி மாறி இருக்குன்னு சொல்றீங்க. இதுல வெட்டி வச்சிருக்காங்க. இது மாறாது. நீங்களே பாத்துக்கிடுங்க” என்றார்.

நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்ததற்கு நாடு கொடுத்த பதக்கம், கணவரின் பெயரை நிறுவும் சான்றுத் தாளாக என் மேசைக்கு வந்துவிட்டது. எனக்கு நாணமாக இருந்தது. அன்றே அவரை அழைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமும், வட்டாட்சியர் அலுவலகத்துக்கும், அதன் பின் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் நானே சென்றேன். படையின் பதிவு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதப்பட்டது. சில மாதங்களில் ஓய்வூதியமும், நிலுவையும் வந்தன. ஆனால் நான் தாமதித்த அந்த ஓராண்டு வரவில்லை. அவருடைய மகள் பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தும், கட்டணத்துக்கு வழியின்றி அவ்வாண்டு கல்லூரியில் சேராமல் நின்றுவிட்டாள். அடுத்த ஆண்டு நாங்கள் சென்று கேட்டபோது, ‘இனி வேண்டாம்’ என்று சொல்லிவிட்டாள். பணத்தை நிலுவையோடு கொடுக்க அரசாங்கத்தால் முடியும். ஒரு பெண்ணின் பதினெட்டாம் வயதை நிலுவையோடு கொடுக்க எவராலும் முடியாது.

கீழே குளித்தவர் கயிற்றை அசைத்தார். மேலே இருந்த நான் இழுக்கவில்லை. இதுதான் நடந்தது.

நாம் செய்ய வேண்டுவன

ஆகவே, நண்பர்களே, நாம் செய்யக்கூடிய சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, படையில் சேர விரும்பும் இளைஞர்களுக்கு. கடலோடு பழகிய கையும் காலும் உங்களுக்கு உண்டு. கடற்படையும் கடலோரக் காவல்படையும் உங்களைப் போன்றவர்களுக்கு ஏற்ற இடங்கள். சேருவதற்கு முன் உங்கள் பெயர் ஞானஸ்நானச் சான்றிலும், பிறப்புச் சான்றிலும், பள்ளிச் சான்றிலும், ஆதார் அட்டையிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் கடற்கரையில் ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவது வழக்கமாக இருக்கிறது. கோயிலில் அது குற்றமன்று. ஓய்வூதிய அலுவலகத்தில் அது ஒரு குடும்பத்தைப் பட்டினி போட்டுவிடும். திருமணம் ஆனதும் மனைவியின் பெயரையும், குழந்தை பிறந்ததும் குழந்தையின் பெயரையும், காலம் தாழ்த்தாமல் உங்கள் படைப்பிரிவில் பதியச் செய்யுங்கள். ‘பகுதி இரண்டு ஆணை’ என்று அங்கே அதைச் சொல்வார்கள். விடுமுறையில் வரும்போது அதன் படி ஒன்றை வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். அது சிறு தாள்தான். உங்கள் குடும்பத்திற்கு அதுவே கயிறு.

இரண்டாவது, ஓய்வு பெற்று வந்திருக்கும் பெரியவர்களுக்கு. உங்கள் விடுவிப்புப் புத்தகமும் ஓய்வூதிய ஆணையும் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பது உங்கள் மனைவிக்குத் தெரியுமா? வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கிறதா? ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய ஆயுள் சான்றைத் தவறாமல் அளிக்கிறீர்களா? இப்போது பாதுகாப்புத் துறை ஓய்வூதியம் ‘ஸ்பர்ஷ்’ என்னும் கணினி முறையில் நடைபெறுகிறது. கணினி பழகாதவர்கள் வருந்த வேண்டா; படித்த பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள், அவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள்.

மூன்றாவது, ஊராட்சிக்கு. படையில் இருப்போர், படையிலிருந்து திரும்பியோர், படைவீரரின் விதவையர் ஆகியோரின் பெயர்ப் பட்டியல் ஒன்றை எழுதி ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள். ஆண்டில் ஒரு முறையாவது கிராம சபைக் கூட்டத்தில் அப்பட்டியலைப் படித்து, ஒவ்வொரு பெயருக்கும் ‘ஓய்வூதியம் வருகிறதா? பிள்ளை படிக்கிறதா? வீடு ஒழுகுகிறதா?’ என்று மூன்று கேள்வி கேளுங்கள். 2022 முதல் அக்னிபத் முறையில் சேரும் இளைஞர்களுள் பலர், நான்காண்டுப் பணி முடிந்து இளம் வயதிலேயே ஊர் திரும்புவர். அவர்களுக்கு என்ன தொழில் என்பதையும் இப்பட்டியலை வைத்துக்கொண்டே நாம் முன்கூட்டி எண்ணலாம்.

நான்காவது, எங்களைப் போன்ற அலுவலர்க்கு. ‘உரிய அலுவலகத்தை அணுகவும்’ என்னும் குறிப்பை, படைவீரர் குடும்பம் தரும் மனுவில் நான் எழுதுவதில்லை. அந்த உரிய அலுவலகத்துக்கு நாங்களே கடிதம் எழுதி, அதன் படியை மனுதாரர்க்கு அளிக்கும் வழக்கத்தை எங்கள் அலுவலகத்தில் ஏற்படுத்தியிருக்கிறோம். இதற்குப் புதிய சட்டமோ நிதியோ தேவைப்படவில்லை. தபால் தலை ஒன்று தேவைப்பட்டது.

ஐந்தாவது, தாய்மார்களுக்கு. படைவீரர் வீட்டுப் பெண்கள், கணவர் ஊரில் இல்லாத காரணத்தால் பல கூட்டங்களுக்கு வருவதில்லை, பல செய்திகளைக் கேட்பதில்லை. உங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த அந்த அம்மையாருக்கு மனு எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தோழி அருகில் இருந்திருந்தால், அவர் மூன்று முறை அலைந்திருக்க மாட்டார்.

முடிவுரை

நடுகல் எடுத்த காலத்தில் கல்லைத் தேடினார்கள், நீராட்டினார்கள், நட்டார்கள், பெயரெழுதினார்கள், வாழ்த்தினார்கள். அது ஊர் கூடிச் செய்த வேலை. இன்று பதக்கத்தை நாடு கொடுத்துவிடுகிறது. சிலைக்கும் சாலைப் பெயருக்கும் ஏற்பாடு செய்ய நகரங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். ஊராராகிய நமக்கு எஞ்சியிருக்கும் வேலை எளியது; ஆனால் ஓயாதது. மாதந்தோறும் ஒரு குடும்பத்தின் வாயிற்படியில் நின்று, ‘அம்மா, எல்லாம் வந்து சேருகிறதா?’ என்று கேட்பதே அது.

கீழ் ஒட்டிவாக்கத்துச் சுப்பிரமணியன் ஒரு சில நொடிகளில் முடிவு செய்தார். நமக்குக் கிடைத்திருப்பது வேண்டிய அளவு காலம். அவர் தம் உயிரைக் கொடுத்தார். நம்மிடம் கேட்கப்படுவது அரை நாள் வேலையும் ஒரு தாளும் ஆகும். இதைக்கூடச் செய்யாமல் பதக்கத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

முத்துக் குளித்த இக்கரைக்குக் கயிறு பிடிக்கச் சொல்லிக் கொடுக்க எவரும் வர வேண்டியதில்லை. நீங்கள் பாட்டன் காலத்திலேயே கற்றவர்கள். கூட்டம் முடிந்ததும் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு புதுப் பேரேடு திறந்து வைக்கப்படும். உங்கள் தெருவில் உள்ள படைவீரர் குடும்பங்களின் பெயரை அதில் எழுதிவிட்டுச் செல்லுங்கள். பெயர் எழுதும்போது மட்டும், எழுத்துப் பிழை இல்லாமல் எழுதும்படி உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.